காவியமும் காணி உறுதியும்: இலங்கை வலதுசாரிச் சிந்தனையின் வேர்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

2019ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி, புதிய ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்ட கோத்தாபய ராஜபக்ஷ அநுராதபுரத்து ருவன்வெலிசாயவின் முன்றிலிலே பதவிப் பிரமாணஞ் செய்துகொண்டார். துட்டகைமுனு மன்னன் எழுப்பியதென மகாவம்சம் கூறும் தாதுகோபம் அது. அடுத்த ஆண்டு யூன் மாதத்திலே, கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளை முகாமை செய்தற்கென ஜனாதிபதிச் செயலணியொன்று நியமிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளரே அதற்குத் தலைவர். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையினராக வாழும் மாகாணத்துக்கென அமைந்த அக்குழுவிலே, தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. 2022 யூலையிலே மக்கள் எழுச்சியின் முன்னே அந்த ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலிலே அவரது கட்சி மூன்று ஆசனங்களாகச் சுருங்கிற்று.

இவற்றைக் கொண்டு வலதுசாரித் தேசியவாதம் வீழ்ந்துவிட்டதென முடிவுகட்டுவோர் உளர். கட்சியின் தோல்வி வேறு, கருத்துநிலையின் தோல்வி வேறு என்பது மனங்கொள்ளத்தக்கது. கட்சிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறலாம். அவை பயன்படுத்தும் சிந்தனை வடிவங்கள் நூற்றாண்டுக் கணக்கில் உருவானவை. பாடநூலிலும் நாவலிலும் நீதிமன்ற வாதத்திலும் நில அளவைப் படத்திலும் படிந்து கிடப்பவை. அச்சிந்தனை வடிவங்களுள் ஒன்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் வலதுசாரிச் சிந்தனையின் மூலத்தை விளக்குவோர் பொதுவாக இரு விடைகளைத் தருவர். பௌத்தமும் மகாவம்சமும் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே இவ்விடத்தைச் சுமந்து வந்தன என்பது ஒன்று. வாக்குவேட்டையாடும் அரசியல்வாதிகளின் சூழ்ச்சியே எல்லாம் என்பது மற்றொன்று. முன்னையது வரலாற்றை மறுப்பது. பின்னையது கருத்துக்களுக்கு வலிமை உண்டென்பதையே மறுப்பது. பழைய இலக்கியப் பிரதியொன்றைக் காணி உறுதியாக வாசிக்கும் முறையிலேயே இச்சிந்தனையின் ஆணிவேர் உள்ளது என்பது எமது துணிபு. அவ்வாசிப்பு முறை பழையதன்று. குடியேற்றவாத ஆட்சியின் கீழ் உருவான நவீன முறை அது. அதனை வளர்த்தவர்களுள் புலமையாளரும் இலக்கியகாரரும் முன்வரிசையில் நிற்கின்றனர். ஆகவே இது இலக்கிய விமரிசனத்தின் ஆய்வுப் பொருளுமாகும்.

1

மகாநாம தேரரால் ஏறத்தாழக் கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் பாளி மொழியிலே இயற்றப்பட்டதெனக் கொள்ளப்படும் மகாவம்சம், மகாவிகாரையின் நோக்கிலிருந்து எழுதப்பட்ட நூலாகும். போரிலே மாண்டோரை எண்ணி வருந்தும் துட்டகைமுனுவுக்குத் தேரர்கள் கூறும் ஆறுதல், இன்று வாசிப்போரை அதிரச்செய்யும் பகுதி என்பதில் ஐயமில்லை. ஆயின் அதே நூல்தான் எல்லாளனை நீதி தவறாத மன்னனாகக் காட்டுகிறது. அவனை வென்றவனே அவனது நினைவிடத்துக்கு மரியாதை செய்யுமாறு பணித்தான் என்பதையும் அதுவே பதிவுசெய்கிறது. தந்தை இறந்தபின் துட்டகைமுனு முதலிலே பொருதியது எல்லாளனோடு அன்று. தீகவாபியிலிருந்த தன் தம்பி சத்தாதிஸ்ஸனோடு. தாயையும் பட்டத்து யானையையும் முன்னிட்டு மூண்ட அரசுரிமைப் போர் அது. அரச வம்சமும் சங்கமும் பற்றிய ஒரு காவியத்தை இரு தேசிய இனங்களின் யுத்தமாக வாசிப்பதற்கு, இப்பகுதிகள் யாவற்றையும் கண்மூடிக் கடக்கவேண்டியிருக்கும். 'சிங்கள' எனும் அடையாளத்தின் சமூக உள்ளடக்கம் காலந்தோறும் மாறி வந்தமையை ஆர். ஏ. எல். எச். குணவர்தன 1979இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக எடுத்துக் காட்டிற்று. அதனை மறுத்துக் கே. என். ஓ. தர்மதாச 1992இல் எழுதியமையும், தொடர்ந்து நிகழ்ந்த விவாதமும், இப்பொருள் எத்துணை உயிருள்ளது என்பதற்குச் சான்றாகும்.

காவியம் உறுதிப் பத்திரமாக மாறிய காலத்தை நாம் ஓரளவு குறித்துக் காட்டலாம். ஜோர்ஜ் டேர்னர் எனும் பிரித்தானிய நிருவாக அதிகாரி 1837இல் மகாவம்சத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1840இல், முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவென அச்சட்டம் அனுமானித்தது. வழிவழியாக ஆண்டு அனுபவித்தவன் தன் உரிமையை எழுத்துச் சான்றினாலே நிலைநாட்டவேண்டியவனானான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென நாம் கூறவில்லை. ஆயின் இரண்டும் ஒரே ஆட்சியின் விளைபொருள்கள். கூட்டு அனுபோகத்தின் இடத்திலே தனியுடைமையையும், வழக்காற்றின் இடத்திலே ஆவணத்தையும் அவ்வாட்சி அமர்த்திற்று. ஆவணமில்லாதவனுக்கு நிலமில்லை என்றானபோது, இனங்களும் தமக்கென ஆவணங்களைத் தேடப் புறப்பட்டன. பொருளாதார அடித்தளத்திலே நிகழ்ந்த மாற்றம் மேற்கட்டுமானத்திலே ஒரு வாசிப்பு முறையாக வடிவெடுத்தது எனலாம். மொழிகளை ஆரியம், திராவிடம் எனப் பகுத்த ஐரோப்பிய மொழியியல், மொழிக் குடும்பத்தை இரத்த உறவாக மயங்கும் வாய்ப்பினையும் உடன் அளித்தது.

2

வாசிப்பு முறையொன்று தானாக இயங்குவதில்லை. அதனைச் சுமக்க ஒரு வர்க்கம் வேண்டும். கொழும்பிலே தளபாட வணிகராகத் திகழ்ந்த தொன் கரோலிஸின் மகனாக 1864இல் பிறந்த அநகாரிக தர்மபால, அவ்வர்க்கத்தின் குரலானார். அவர் 1906இல் தொடங்கிய 'சிங்கள பௌத்தய' எனும் பத்திரிகையின் பெயரே இனத்தையும் மதத்தையும் ஒரு சொல்லாக்கிற்று. மிஷனரிமாருக்கும் மதுவிற்பனைக்கும் எதிரான அவரது குரலிலே ஏகாதிபத்திய எதிர்ப்புக் கூறு இருந்ததென்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் வளர்ந்துவந்த சிங்கள வணிகருக்குச் சந்தையிலே நேரெதிர் நின்றோர் பிரித்தானிய வங்கியாளர் மட்டுமல்லர். கரையோர முஸ்லிம் வணிகரும் செட்டிமாரும் ஆவர். அந்நியனை எதிர்க்கும் சொல் அயலவன்மீது இலகுவிலே திரும்பிற்று. 1915ஆம் ஆண்டின் முஸ்லிம் எதிர்ப்புக் கலவரங்களை இப்பின்னணியிலே நோக்கவேண்டுமெனக் குமாரி ஜயவர்தன முதலானோர் தக்க ஆதாரங்களோடு காட்டியுள்ளனர்.

இங்கு இலக்கிய மாணவர் கவனிக்கவேண்டியது பியதாச சிறிசேனவின் பங்காகும். 1906இல் நூலாக வந்த அவரது 'ஜயதிஸ்ஸவும் ரொசலினும்' சிங்கள நாவலின் தொடக்ககாலப் படைப்புக்களுள் மிகுந்த வாசகரைப் பெற்றது. பௌத்த இளைஞன் ஒருவன் கத்தோலிக்கப் பெண்ணொருத்தியைத் தன் சமயத்துக்கு ஈர்த்து மணம் புரிவது அதன் கதை. காதற்கதையின் கட்டமைப்புக்குள்ளே மதவிவாதம் நிகழ்கிறது. நாயகியின் மனமாற்றமே இனத்தின் மீட்சியாகிறது. நாவல் என்ற பூர்ஷ்வா இலக்கிய வடிவம் இங்கே தனிமனிதனைக் கண்டுபிடிப்பதற்குப் பயன்படவில்லை. தூய இனத்தைக் கட்டமைப்பதற்குப் பயன்பட்டது. அரசியற் கட்சிகள் தோன்றுவதற்கு வெகு முன்னரே, அக்கட்சிகளுக்கு வேண்டிய உணர்வுகளை வெகுஜன நாவல் பயிற்றிவிட்டது.

3

ஆயின் தர்மபாலவிலிருந்து 2012இல் தோன்றிய பொது பல சேனா வரையில் ஒரு நேர்கோடு வரைந்துவிடுவது வசதியானதே தவிரச் சரியானதன்று. ஜெர்மானியச் சிந்தனையை ஷெல்லிங் தொடக்கம் ஹிட்லர் வரை ஒரே சரிவாகக் கண்ட லூக்காச்சின் 'பகுத்தறிவின் அழிவு' (1954) எனும் பெருநூலின் குறையும் அதுவேயாம். வேரிலிருந்து கிளைக்குச் செல்லும் வழியிலே முறிவுகளும் ஒட்டுக்களும் உண்டு. எமது நாட்டில் அவ்வொட்டு 'ஜாதிக சிந்தனய' ஆகும். அது முளைத்தது விகாரையில் அன்று. நவீன இலக்கியத்தின் நடுவே, இடதுசாரி விவாதத்தின் அயலிலே முளைத்தது. இவ்வுண்மையை முற்போக்காளர் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

குணதாச அமரசேகர 1950களிலே பேராதனையின் நவீனத்துவ அலையோடு இணைத்துப் பேசப்பட்டவர். 1960இல் வெளியான 'யளி உபன்னெமி' இளைஞனொருவனின் பாலியல் மனப்போராட்டத்தை அக்காலத்துக்குப் புதுமையான துணிவோடு சித்திரித்தது. பின்னர் அத்தகைய எழுத்தினை மேலைத்தேயச் சீரழிவின் நகலென அவரே ஒதுக்கினார். 1976இல் வந்த 'அபுத்தஸ்ஸ யுகயக்' இத்திருப்பத்தின் குறிகாட்டி. 1980இலே, அநகாரிக தர்மபால மார்க்சியவாதியா எனும் வினாவையே தலைப்பாக்கி அவர் ஒரு நூல் எழுதினார். மார்க்சியத்தைச் சிங்கள பௌத்தப் பண்பாட்டின்மீது பொருத்த முயன்ற முயற்சி அது. பொருத்தப்பட்டபோது மார்க்சியத்திலிருந்து முதலிலே உதிர்ந்தது வர்க்கம், எஞ்சியது பண்பாடு. கணிதவியலாளரும் முன்னாள் சமசமாஜ இடதுசாரியுமான நளின் டி சில்வா 1986இல் 'மகே லோகய' எனும் நூலின் மூலம் மேலை விஞ்ஞானத்தின் பொதுமையையே கேள்விக்குள்ளாக்கினார். பண்பாட்டுக்குப் பண்பாடு உண்மையே வேறுபடுமாயின், ஒரு பண்பாட்டின் உண்மையை மற்றொரு பண்பாட்டினர் மறுக்க வழியில்லை. இவ்வட்டத்தால் ஈர்க்கப்பட்ட பல்கலைக்கழக மாணவர் சிலரே 2000இல் சிஹல உறுமயவையும், 2004இல் ஜாதிக ஹெல உறுமயவையும் கட்டியெழுப்பியோருள் முக்கியமானோர். 2004 ஏப்ரலில் அக்கட்சியின் ஒன்பது பிக்குமார் பாராளுமன்றம் புகுந்தனர்.

இங்கு இரு நாவலாசிரியரை ஒப்புநோக்குதல் பயன்தரும். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய 'கம்பெரலிய' தென்னிலங்கைக் கிராமத்தை நேசத்தோடு வரைந்த நாவல். ஆயினும் அங்கே கிராமம் வரலாற்றுக்கு உட்பட்டது. பழைய வளவு சிதைகிறது. வணிக வர்க்கம் எழுகிறது. எவரும் எதனையும் தடுத்து நிறுத்தமுடியாது. ஜாதிக சிந்தனயவின் கட்டுரைகள் காட்டும் கிராமமோ வரலாற்றுக்கு வெளியே நிற்பது. குளமும் தாதுகோபமும் வயலும் ஒன்றாயிசைந்த அக்கிராமத்திலே குத்தகைக்காரனும் இல்லை, கடன்காரனும் இல்லை, சாதியும் இல்லை. எங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்திலே, பல்சாக்கின் யதார்த்தம் அவரது அரசியற் சார்பினையும் மீறி வெளிப்பட்டதைச் சுட்டினார். அமரசேகர 1984இல் 'கமனக முல'வோடு தொடங்கிய நாவல் வரிசைக்கும் இது ஓரளவு பொருந்தும். கிராமத்து நடுத்தர வர்க்கத்தின் ஆசையையும் அச்சத்தையும் நாவலாசிரியர் அறிந்த அளவுக்குக் கருத்தியலாளர் அறியவில்லை. படைப்பிலே வர்க்கமாகத் தெரிந்தது கட்டுரையிலே இனமாக மாறிவிட்டது.

இம்மாற்றத்துக்கு இடமளித்தவர் யார்? 1964இலே சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்துள் நுழைந்தது. 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ்மொழிப் பிரயோகத்துக்கான ஒழுங்கு விதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்திலே பழைய இடதுசாரிக் கட்சிகளும் நடந்தன. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கிய 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கொல்வின் ஆர். டி சில்வாவின் பொறுப்பிலே வரையப்பட்டது. ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதனாலே தேசிய முதலாளித்துவம் முற்போக்கானது என்ற கணிப்பு இவற்றின் பின்னே நின்றது. அதே கணிப்பு எமது இலக்கிய விமரிசனத்துள்ளும் இருந்தது. 1960களிலே 'தேசிய இலக்கியம்' எனவும் 'மண்வாசனை' எனவும் ஈழத்து முற்போக்காளர் முழங்கியபோது, தமிழகச் சந்தையின் ஆதிக்கத்துக்கு எதிராக ஈழத்து மக்களின் வாழ்வை எழுத்திற் கொணர்ந்தனர். அது பெரும்பணி. எனினும், எந்தத் தேசம், எவருடைய மண் என்ற வினாக்கள் உரிய கூர்மையோடு எழுப்பப்படவில்லை. இதனை எம் முன்னோடிகளைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. அவர்களுடைய கருவிகளைக்கொண்டே அவர்கள் விட்ட இடத்தை நிரப்புதல் எமது கடன்.

4

கருத்தினுடைய வலிமை நிலத்திலே தெரியும். மட்டக்களப்பு வாவியை அடுத்து வாழ்வோருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. எழுவான்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்திருக்கின்றன; படுவான்கரையிலே வயலும் மேய்ச்சல் நிலமும் பரந்துள்ளன. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கப்பட்டபோது, அது பண்டைய நீர்ப்பாசன நாகரிகத்தின் மீட்சியெனப் போற்றப்பட்டது. தென்மேற்கின் தோட்டங்களிடையே நெருக்குண்ட குடியானவனின் நிலப்பசி உண்மையானது. ஆனால் அத்தோட்டங்களிலே கைவையாது, அவனை வரண்ட வலயத்துக்கு அனுப்புதல் ஆளும் வர்க்கத்துக்கு இலகுவாயிற்று. வர்க்கப் பிரச்சினையொன்று இனப்பிரச்சினையாகப் பெயர்த்து நடப்பட்டது. 1956 யூனில், தனிச் சிங்களச் சட்டத்தின் வேளையிலே, கல்லோயாவில் இரத்தம் சிந்திற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

சத்தாதிஸ்ஸன் இருந்ததாக மகாவம்சம் கூறும் தீகவாபி அம்மாவட்டத்திலேயே உள்ளதெனக் கொள்ளப்படுகிறது. 2004 சுனாமியிலே வீடிழந்த முஸ்லிம் மக்களுக்கென அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி நிதியுதவியோடு ஐந்நூறு வீடுகள் எழுந்தன. அந்நிலம் தீகவாபியின் புனித எல்லைக்குரியது என்ற வாதத்துடன் 2008இல் உயர்நீதிமன்றத்திலே வழக்கிடப்பட்டது. இன விகிதாசாரத்தின்படியே வீடுகள் பகிரப்படவேண்டுமென 2009இல் தீர்ப்பு வந்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகளாக அவ்வீடுகள் குடியிருப்பாரின்றிப் பாழடைந்து கிடந்தன. கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதில்வீடு கேட்டவர்களுக்கு ஒரு காவியம் குறுக்கே நின்றது.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரையின் கதை இன்னும் தெளிவானது. வேளாண்மைக் காலத்திலே வயலோரங்களிலிருந்து மாடுகளை அங்கு கொண்டுசென்று மேய்ப்பது பண்ணையாளரின் வழக்கம். அத்தரையிலே வெளியார் பயிர்செய்யத் தொடங்கியதை எதிர்த்து, 2023 செப்டெம்பரிலே சித்தாண்டியில் அவர்கள் அறப்போராட்டத்தில் அமர்ந்தனர். மேய்ப்பவனிடத்தில் உறுதி இல்லை; மாட்டின் காலடித் தடமே உண்டு. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் தருக்கம் இன்றும் அவனிடமே சான்று கேட்கிறது.

5

இவ்விடத்திலே எமது புலமையுலகு எவ்வாறு விடையிறுத்தது? எதிருறுதி எழுதும் அவசரம் எம்மையும் பற்றிக்கொண்டது. இது புதிய நோயுமன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தாலே தமிழரே எனும் கட்டுரையை வாசித்தார். சட்டசபையிலே அவர்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற வினா எழுந்திருந்த வேளை அது. 1907இலே ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அராபிய வழித்தோற்றத்தை வலியுறுத்தி மறுப்பு வெளியிட்டார். இருவரும் எதிரெதிர் நின்றனர். எனினும் இருவரும் ஏற்றுக்கொண்ட விதி ஒன்றே. இன்று யார் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அன்று யார் எங்கிருந்து வந்தனர் என்பது தீர்மானிக்கும் என்பதே அவ்விதி.

எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' அண்மைக் காலத்திலே இவ்வாறே வாசிக்கப்படுகிறது. கலிங்கத்திலிருந்து வந்த உலகநாச்சி, முக்குவர், திமிலர், வேடர், முஸ்லிம் துணைவர் எனப் பலரும் வந்து கலக்கும் ஏடு அது. கோயிலுரிமையும் குடிமுறையும் வகுத்த நிலமானிய சமூகத்தின் ஆவணம் என்ற வகையிலே அதன் மதிப்பு பெரிது. அதனை ஓரினத்தின் தனியுறுதியாக்குவோர், மகாவம்சத்துக்கு நேர்ந்ததையே அதற்கும் நேர்விக்கின்றனர். நிலமானிய உரிமைகளைப் பாதுகாத்த அப்பிரதி, அக்காலத்துத் தாழ்த்தப்பட்டோருக்கு எவ்வுரிமையும் வழங்கவில்லை என்பதும் அவர்களுக்கு மறந்துபோகிறது.

தந்தையர் நாடும் புண்ணிய பூமியும் ஒன்றாயிருப்பவனே தேசத்தவன் என 1923இல் சாவர்க்கர் வகுத்த வரைவிலக்கணம், 2016இல் வடக்கிலே தோன்றிய சிவசேனையின் வழியாக எம்மிடையேயும் புழங்குகிறது. அவ்வரைவிலக்கணத்தை ஏற்கும் தமிழன், சிங்கள பௌத்த வலதுசாரியிடம் வாதிடும் தகுதியை இழக்கிறான். ஏனெனில் இருவரும் பேசுவது ஒரே மொழி. முஸ்லிம் சமூகத்துள்ளும் தூய மூலத்தைத் தேடும் போக்கு உள்ளூர் மரபையே பகையாகக் கண்டது. காத்தான்குடியிலே 2004இலும் 2006இலும் சூபி வழியினர் வன்முறைக்கு இலக்காயினர். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே வெடித்ததும் அப்போக்கின் மிகக் கொடிய முனையே. 1990 ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் கொல்லப்பட்டோரை நினைவுகூரும் எவரும், இனத்தூய்மை எவர் கையிலிருந்தாலும் ஆயுதமே என்பதை மறுக்கார்.

6

அவ்வாறாயின் மரபு முழுவதையும் வலதுசாரிகளிடம் கையளித்துவிடுவதா? அன்று. 1956இல் சரத்சந்திரவின் 'மனமே' சிங்கள நாட்டார் அரங்கிலிருந்து நவீன நாடக வடிவம் கண்டது. அதனையொட்டிப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தார். 1964இல் 'இராவணேசன்' மேடையேறிற்று. இரு முயற்சிகளும் மரபைத் தேடின. ஒன்றிலிருந்து மற்றொன்று கற்றது. மரபைத் தேடுவதனால் எவரும் வலதுசாரியாவதில்லை. மரபை வேலியாக்கும்போதே அவ்வாறாகின்றனர். சங்க இலக்கியத்தைப் பொற்கால ஆவணமாகக் கொள்ளாது வீரயுகச் சமூகத்தின் பாடல்களாக ஆராய்ந்த கைலாசபதியின் முறை இங்கு எமக்குக் கைவிளக்காகும். புகழ்ச்சியின் இடத்திலே உற்பத்தி உறவுகளையும், தூய்மையின் இடத்திலே மாற்றத்தையும் காண்பது அம்முறை.

வாவிக்கரையின் வாழ்வே அதற்குச் சான்று பகரும். வைகாசியிலே இப்பகுதிக் கண்ணகி கோயில்களிற் சடங்கு நிகழும். அதே தெய்வத்தைச் சிங்கள மக்கள் பத்தினியாக வழிபடுவதைக் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் விரிவாக ஆராய்கிறது. இங்கே கொம்பு விளையாட்டாக நிகழ்வது அங்கே அங்கெலியவாக நிகழ்கிறது. தாய்வழிக் குடிமுறை இப்பிரதேசத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. இவற்றைக் காட்டி, ஆதியில் எல்லோரும் ஒருவரே எனப் புதிய உறுதியொன்றை எழுத நாம் முற்படவில்லை. மக்கள் உழைத்தும் மணந்தும் வழிபட்டும் சண்டையிட்டும் ஒருவரையொருவர் உருவாக்கினர் என்பதே இவை கூறும் செய்தி.

கல்வெட்டுக்கள் வாசிக்கப்படட்டும், ஏடுகள் பதிப்பிக்கப்படட்டும். தமிழ்ப் பௌத்தம் பற்றியும் இப்பகுதிச் சிங்களத் தொன்மை பற்றியும் ஆய்வுகள் அச்சமின்றி நிகழட்டும். ஆயின் எந்தக் கல்வெட்டும் எவரையும் குடியெழுப்பும் உரிமையைத் தராது என்ற நிலைப்பாட்டிலே ஆய்வாளர் உறுதியாக நிற்றல் வேண்டும். மயிலத்தமட்டு மேய்ப்பவனின் உரிமை அவன் பாட்டன் எந்த அரசனின் குடி என்பதிலே தங்கியிருக்கவில்லை. அவன் மேய்க்கிறான்; அதனாலே ஒரு சமூகம் உண்கிறது. அவ்வுரிமையைக் கல்லோயாவின் ஏழைச் சிங்களக் குடியானவனும் நுரைச்சோலையின் வீட்டுக்குக் காத்திருந்த முஸ்லிம் மீனவனும் தமதென உணரும்வரை, வலதுசாரிகள் எத்தேர்தலிலே தோற்றாலும் அவர்களின் வாசிப்பு முறை தோற்காது. அவ்வுணர்வை உருவாக்குவது அரசியலின் பணி. அதற்குக் குறுக்கே நிற்கும் பொய்யுறுதிகளைக் காவியங்களாக மீட்டுத் தருவது எமது பணி.